அயல்நாட்டில் பிறந்த பிள்ளைகளுடன் ஊர் திரும்புதல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



‘வெளிநாட்டிலிருந்து திரும்பும் குடும்பங்கள்’ என்பது எங்களுக்குத் தரப்பட்ட தலைப்பு. இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் சேமிப்பைப் பற்றியும், கொண்டுவந்த தொகையை எதில் முடக்குவது என்பதைப் பற்றியும் பேசுவது வழக்கம். அவற்றில் எங்களைவிட அனுபவம் மிக்கவர்கள் இச்சபையிலேயே உள்ளனர். ஆகவே பணத்தை விட்டுவிட்டு, நம்மோடு வந்து இறங்கிய பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேச அனுமதி வேண்டுகிறோம்.

நாங்கள் சவூதி அரேபியாவின் தம்மாமிலிருந்து 2019-ஆம் ஆண்டு ஜூன் மாதம் திரும்பினோம். காரணம் யாவரும் அறிந்ததே. 2017 ஜூலை முதல் அந்நாட்டில், குடும்பத்துடன் வசிக்கும் அயல்நாட்டுத் தொழிலாளர் மீது சார்ந்திருப்போர் கட்டணம் விதிக்கப்பட்டது. நம்மவர்கள் அதைக் குடும்ப வரி என்றே அழைத்தனர். தலைக்கு மாதம் 100 ரியாலாகத் தொடங்கிய அது, ஆண்டுதோறும் 100 ரியால் உயர்ந்து, 2019 ஜூலையில் 300 என்றும் 2020 ஜூலையில் 400 என்றும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தது. மனைவி, பிள்ளைகள் இருவர் என மூன்று தலைகளுக்கு, 300 ரியால் கணக்கில் ஆண்டுக்கு 10,800 ரியால். அதையும் இக்காமா புதுப்பிக்கும்போது மொத்தமாகச் செலுத்த வேண்டும். கணக்குப் பார்த்த அன்றிரவே முடிவெடுத்துவிட்டோம். அந்த முடிவைப் பிள்ளைகளிடம் சொல்ல மட்டும் மூன்று வாரம் ஆயிற்று.

மகளுக்கு அப்போது எட்டு வயது, மகனுக்கு நான்கு. இருவரும் தம்மாமில் பிறந்தவர்கள். இங்கே பள்ளியில் சேர்ப்பதற்கான படிவத்தை நிரப்பும்போது, ஆங்கிலத்தில் நன்கு எழுதத் தெரிந்தவளாயிற்றே என்று மகளிடமே கொடுத்தோம். ‘சொந்த ஊர்’ என்ற கட்டத்தில் அவள் தம்மாம் என்று எழுதினாள். தவறு என்று சொல்லி அடித்துத் திருத்தி, எங்கள் பாட்டனார் ஊரின் பெயரை எழுதினோம். அவள் எதிர்வாதம் செய்யவில்லை. ஆனால், “அங்கே நாம் எத்தனை நாள் இருந்திருக்கிறோம், அத்தா?” என்று கேட்டாள். விடுமுறைக்கு வந்த நாட்களை எண்ணிப் பார்த்தால் அவளுடைய எட்டு ஆண்டுகளில் ஐந்து மாதங்கூடத் தேறவில்லை.

ஊருக்குத் திரும்பியவர்கள் நாங்கள் இருவர் மட்டுமே. பிள்ளைகள் இருவரும் ஊரைவிட்டு வந்தவர்கள். இது எங்களுக்கு விளங்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. முதல் மாதத்திலேயே விளங்கியிருந்தால் பல தவறுகளைத் தவிர்த்திருக்கலாம். இன்று பேச வந்ததற்குக் காரணமும் அதுவே.

இது நம் தலைமுறையில் தோன்றிய புதுமை அன்று. பர்மாவில் 1962 மார்ச்சில் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்தடுத்த ஆண்டுகளில் கடைகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாக்கப்பட்டபோது, இலட்சக்கணக்கான இந்தியர் அந்நாட்டைவிட்டு வெளியேறினர். அவர்களுள் தமிழர் ஏராளம். நம் சமுதாயத்தாரும் உண்டு. ஈட்டியதை அங்கேயே விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினர். அவர்களைத் தாயகம் திரும்பியோர் என்று அரசு அழைத்தது. ஆனால் அவர்களில் பலர் இரங்கூனிலும் மோல்மேனிலும் பிறந்தவர்கள். தாயகம் எனப்பட்ட மண்ணை அன்றுதான் முதன்முறையாகக் கண்டவர்கள். இங்கே ஒட்ட முடியாமல் ஒரு பகுதியினர் என்ன செய்தார்கள் தெரியுமா? வடகிழக்கே மணிப்பூர் வரை சென்று, தரைவழியாகவே பர்மாவுக்குள் மீண்டும் நுழைய முயன்றனர். பர்மிய அதிகாரிகள் திருப்பி அனுப்பவே, எல்லையோர ஊரான மோரேயிலேயே தங்கிவிட்டனர். அங்கே ஒரு தமிழ்ச் சங்கமும் கோயிலும் பள்ளிவாசலும் எழுந்தன. தாய்நாட்டின் உள்ளிருந்துகொண்டே, பிறந்த நாட்டின் வாசலில் ஒரு தலைமுறை குடியேறிவிட்டது. நன்றியற்றவர்கள் என்று அவர்களைச் சொல்ல நமக்கு நா எழாது.

இனி நமது பகுதிக்கு வருவோம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. ஒரகடத்தில் 2010-இல் ரெனோ–நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என ஆலைகள் எழுந்தன. வளைகுடாவில் வெல்டராகவும் ஃபிட்டராகவும் கிரேன் இயக்குநராகவும் இருந்தோர் திரும்பி வரும்போது, சொந்த ஊரில் கிடைக்காத வேலை இந்தச் சாலையில் கிடைக்கும் என்று நம்பி வருகின்றனர். ஆகவே இங்கு வந்து சேரும் பிள்ளை இருமுறை இடம்பெயர்கிறது. பிறந்த நாட்டை விட்டு வருகிறது. வந்த பிறகும் பாட்டியார் இருக்கும் ஊரில் இல்லாமல், யாருக்கும் யாரையும் தெரியாத சிப்காட் வாடகை வீட்டில் வளர்கிறது. ‘உங்கள் ஜமாஅத் எது?’ என்று கேட்டால் நம்மில் பாதிப்பேர் தஞ்சாவூர்ப் பக்கமோ இராமநாதபுரம் பக்கமோ ஓர் ஊரைச் சொல்வோம். பிள்ளையின் பெயர் அந்த ஊர்ப் பதிவேட்டிலும் இல்லை, இங்கும் இல்லை.

முதலில் காகிதங்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். சலிப்பூட்டும் செய்திதான், ஆயினும் பிள்ளையின் எதிர்காலம் இதில் தொங்குகிறது.

இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. அதன் 4-ஆம் பிரிவின்படி வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளை, பெற்றோர் வழியாக இந்தியக் குடிமகன் ஆகிறது. 1992 டிசம்பர் 10-க்கு முன்னர் பிறந்திருந்தால் தந்தை இந்தியராயிருக்க வேண்டும். அதன் பின்னர் தாய், தந்தை இருவரில் ஒருவர் இந்தியராயிருந்தாலும் போதும். ஆனால் 2004 டிசம்பர் 3 முதல் ஒரு நிபந்தனை சேர்ந்துள்ளது. பிள்ளை பிறந்த ஓராண்டுக்குள் அந்நாட்டு இந்தியத் தூதரகத்தில் பிறப்பைப் பதிவு செய்ய வேண்டும். வேறு நாட்டின் கடவுச்சீட்டு பிள்ளையிடம் இல்லை என்று பெற்றோர் உறுதிமொழி தர வேண்டும். ஓராண்டு கடந்துவிட்டால் மத்திய அரசின் அனுமதி பெற்றே பதிய இயலும்.

வளைகுடாவில் பிறந்தால் அந்நாட்டுக் குடியுரிமை கிடைப்பதில்லை என்பதை நாம் அறிவோம். எனவே இப்பதிவு இல்லாத பிள்ளைக்கு அங்கும் உரிமையில்லை, இங்கும் உரிமை ஐயத்திற்குரியது என்ற நிலை வந்துவிடுகிறது. பெரும்பாலோர் குழந்தைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போதே பிறப்பையும் பதிந்துவிடுகின்றனர். இக்காமா காலாவதியாகி ஒளிந்து வாழ்ந்த குடும்பங்களில்தான் இது தவறிப்போகிறது. அப்படிப்பட்டவர் எவரேனும் நம்மிடையே இருந்தால் வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். மறைக்கும் ஒவ்வோர் ஆண்டும் பிள்ளைக்கே இழப்பு.

இன்னொரு சட்டத்தையும் இதனோடு குழப்பிக்கொள்கிறோம். 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, வெளிநாட்டில் பிறந்து தூதரகத்தில் பதியப்படாத பிள்ளையுடன் பெற்றோர் இங்கே நிலையாகக் குடியேறத் திரும்பினால், பிள்ளை வந்த 60 நாட்களுக்குள் உள்ளூரிலேயே பிறப்பைப் பதிந்துகொள்ள வழி செய்கிறது. தாமதமானால் தாமதப் பதிவுக்குரிய நடைமுறை உண்டு. நல்ல வசதிதான். ஆனால் இது பிறப்புச் சான்றுக்கான பதிவு. குடியுரிமைச் சட்டம் கேட்கும் பதிவுக்கு ஈடாகாது. ஒன்றைச் செய்துவிட்டு மற்றதும் முடிந்தது என்று இருந்துவிடக் கூடாது.

எங்கள் வீட்டில் நேர்ந்தது வேறு விதம். மகளின் பெயரில் ‘பர்வீன்’ என்ற சொல் உண்டு. ஆங்கிலத்தில் எழுதும் வல்லின ப அரபியில் இல்லை. அதற்கு ‘பா’ என்ற மெல்லொலி எழுத்தைத்தான் போடுவார்கள். நடுவிலுள்ள வகரத்திற்கு ‘ஃபா’ வந்து உட்காரும். அரபியில் எழுதப்பட்ட பிறப்புச் சான்று திரும்பவும் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப்பட்டபோது, குழந்தை வேறொரு பெயருடன் வெளிவந்தாள். கடவுச்சீட்டில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் ஒரு பெயர். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எட்டு ஆண்டுகள் இருந்துவிட்டது எங்கள் குற்றமே. இங்கு வந்தபின் ஒரு பள்ளியில் இவ்விரண்டும் ஒருவரே என்று நிரூபியுங்கள் என்றார்கள். அங்கே இருந்தபோது ஒரு நாள் விடுப்பில் முடிந்திருக்கக்கூடிய திருத்தம், இங்கிருந்து கடிதப் போக்குவரத்தாக நீண்டுகொண்டே போயிற்று. புறப்படுமுன் எல்லாச் சான்றுகளையும் தரையில் பரப்பி, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள் என்று அங்குள்ள உங்கள் சகோதரர்களுக்கு இன்றே சொல்லுங்கள்.

திரும்பி வந்தபின் பிள்ளைகளின் கடவுச்சீட்டைக் காலாவதியாக விட்டுவிடுவது மற்றொரு பிழை. சிறார் கடவுச்சீட்டு ஐந்தாண்டுகள் அல்லது பதினெட்டு வயது, இவற்றில் எது முந்தியதோ அதுவரைதான் செல்லும். இனி எங்கே போகப் போகிறோம் என்று பீரோவில் போட்டுவிடுகிறோம். இந்திய மண்ணில் பிறந்த பிள்ளைக்கு ஊராட்சியோ நகராட்சியோ தந்த பிறப்புச் சான்று கையில் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது கிடையாது. தூதரகப் பதிவும் கடவுச்சீட்டுமே அவர்களின் கைப்பிடி.

அந்நாட்டுக் குடியுரிமையையே பெற்று வளர்ந்த பிள்ளைகளின் நிலை இன்னும் நுட்பமானது. சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை சென்ற ஒரு வழக்கைச் சொல்கிறோம். இந்தியராகப் பிறந்த ஒரு தம்பதியர் 1998 டிசம்பரில் சிங்கப்பூர்க் குடியுரிமை பெற்றனர். அப்போது தாய் கருவுற்றிருந்தார். 1999 மார்ச்சில் மகன் பிறந்தார். வயது வந்ததும், 2017-இல், இந்தியக் குடியுரிமையை மீட்டுக்கொள்ள விரும்புவதாக அவர் அறிவித்தார். மத்திய அரசு 2019-இல் மறுத்தது. உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 அக்டோபர் 18 அன்று உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது. பெற்றோர் தாமாக முன்வந்து குடியுரிமையைத் துறந்திருந்தால் பிள்ளைக்கு மீட்கும் உரிமை உண்டு. அவர்களோ வேறு நாட்டின் குடியுரிமையை ஏற்றதால் சட்டப்படி தாமே இழந்தவர்கள், ஆகவே அந்தப் பிரிவு பொருந்தாது என்பதே சாரம். இந்தியாவில் வசித்து, பதிவு மூலம் குடியுரிமை கோரும் வேறு வழி சட்டத்தில் இருக்கிறது. ஆனால் பாருங்கள், பிள்ளை பிறப்பதற்கு மூன்று மாதம் முன்பு பெற்றோர் இட்ட கையொப்பம், இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அவன் வாழ்க்கையை அளந்தது.

ஓசிஐ அட்டை இருக்கிறதே என்பீர்கள். அது இரட்டைக் குடியுரிமை அன்று. வாக்குரிமை இல்லை, விளைநிலம் வாங்க இயலாது. 2021 மார்ச் 4-ஆம் நாள் அறிவிக்கையின்படி மருத்துவம், பொறியியல் அகில இந்தியத் தேர்வுகள் வழியாக அவர்கள் போட்டியிடுவது வெளிநாடுவாழ் இந்தியருக்குரிய இடங்களுக்கு மட்டுமே. அத்தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023 பிப்ரவரியில் தீர்ப்பளித்துள்ளது. அமெரிக்காவிலோ ஆஸ்திரேலியாவிலோ பேரப்பிள்ளைகள் உள்ளவர்கள், இங்கே வந்து மருத்துவம் படிக்கட்டும் என்று திட்டமிடுமுன் இதைக் கருத்திற்கொள்ள வேண்டும்.

காகிதங்கள் இத்துடன் போதும். பள்ளிக்கு வருவோம்.

பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைக்கு, 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் இரண்டு பாதுகாப்புகளைத் தந்துள்ளது. வயதுச் சான்று இல்லை என்ற காரணத்தால் சேர்க்கை மறுக்கக் கூடாது. வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்து, பின்தங்கியிருந்தால் தனிப்பயிற்சி அளிக்க வேண்டும். இதைப் பணிவோடு எடுத்துச் சொன்னாலே பல கதவுகள் திறக்கின்றன. மொழிதான் திறக்காத கதவு. தமிழ் கற்றல் சட்டம் 2006-இல் வந்தது. முதல் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கொரு வகுப்பாக உயர்ந்து, 2015–16-இல் பத்தாம் வகுப்பை எட்டியது. சிபிஎஸ்இ உள்ளிட்ட பிற பாடத்திட்டப் பள்ளிகளுக்கும் 2015–16 முதல், முதல் வகுப்பிலிருந்து விரிவாக்கப்பட்டது. நம் பிள்ளைகளோ வளைகுடாப் பள்ளியில் இந்தியும் அரபியும் படித்து வருபவர்கள். தமிழைப் பேசுவார்கள், எழுதத் தெரியாது. எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளை இரண்டே ஆண்டுகளில் தமிழில் பொதுத்தேர்வு எழுத வேண்டும் என்றால் அதன் நெஞ்சு என்ன பாடுபடும்! திரும்புவது உறுதி என்றால் ஆறாம் வகுப்புக்குள் திரும்பிவிடுங்கள் என்பது எங்கள் கருத்து. பன்னிரண்டாம் வகுப்புவரை வெளியே படித்தால், சொந்த மாநிலத்திலேயே கல்லூரிச் சேர்க்கைக்கு இருப்பிடச் சான்றிதழைத் தேடி அலைய நேரும். 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி நமக்குக் கிடைத்த 3.5 விழுக்காடு இடஒதுக்கீட்டைப் பெறுவதற்கான சாதிச் சான்றிதழையும் வந்த ஆண்டிலேயே எடுத்து வைத்துவிடுவது நல்லது.

எங்கள் மகள் குர்ஆனைத் தஜ்வீதுடன் ஓதுவாள். மக்தபில் உஸ்தாத் அவர்கள் அவளைப் பாராட்டாத நாளில்லை. பள்ளியிலோ, நான்காம் வகுப்பு மாணவி தம்பியின் அரிச்சுவடியை வைத்துக்கொண்டு உயிரெழுத்து எழுதினாள். காலையில் முதலிடம், மாலையில் கடைசியிடம். பத்துப் பேர் சிரித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து சொல்லவில்லை. தமிழே பேசமாட்டேன் என்று நின்றுவிட்டாள். நாங்கள் கடிந்துகொண்டோம். ‘இது உன் தாய்மொழி அல்லவா’ என்றோம். தாய்மொழி என்று சொல்லி வெட்கப்பட வைப்பது, தெரியாத மொழி என்று சொல்லிக் கற்றுக்கொடுப்பதைவிடக் கெட்டது என்பதை அப்போது அறியவில்லை.

வழி காட்டியவர் எங்கள் தாயார். சில மாதங்கள் எங்களோடு தங்க வந்த அவர், பேருந்தில் போகும்போது பேத்தியை ஜன்னலோரம் அமர்த்தி, “எனக்குக் கண்ணாடி எடுத்துவரவில்லை, எந்த ஊர் வருகிறது, வாசித்துச் சொல்” என்பார். ஒரகடம், மாத்தூர், வல்லம் என்று தொடங்கியது. எழிச்சூரில் ழகரம் வந்தது. இருங்காட்டுக்கோட்டையை ஒரே மூச்சில் வாசித்த அன்று பேருந்தில் இருந்தோர் திரும்பிப் பார்த்தார்களாம். தாயாரின் கண்ணாடி அவ்வளவு நாளும் அவர் பையிலேயே இருந்தது.

நமது அண்டையில் வசிக்கும் கொரிய, ஜப்பானியப் பொறியாளர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்களின் பிள்ளைகளும் சில ஆண்டுகள் இங்கே வளர்ந்து தம் நாடு திரும்புகின்றனர். ஜப்பானில் இவ்வாறு திரும்பும் பிள்ளைகளுக்கு ‘கிகோக்குஷிஜோ’ என்று தனிப்பெயரே உண்டு; அவர்களுக்கெனத் தனிச் சேர்க்கை முறை வைத்துள்ள பள்ளிகளும் பல்கலைக்கழகங்களும் உள்ளன. நம்மிடம் பணம் அனுப்புகிறவருக்குப் பெயர் உண்டு, அவர் திரும்பி வந்தாலும் பெயர் உண்டு. கூடவே வரும் பிள்ளைக்குப் பெயரில்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. ‘இரண்டு ஆண்டு பார்ப்போம், சரிவராவிட்டால் மீண்டும் போய்விடுவோம்’ என்று பிள்ளைகளின் காதுபட நாம் பேசுகிறோம். ஆலை வேலையின் உறுதியின்மை நமக்குத் தெரியும்; ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஆகவே நம் அச்சம் பொய்யன்று. ஆனால் அப்பேச்சைக் கேட்ட பிள்ளை நண்பர்களைச் சேர்க்காது, புத்தகத்துக்கு அட்டை போடாது. எங்கள் மகன் ஓராண்டு வரை தன் விளையாட்டுப் பொருட்களைப் பெட்டியிலிருந்து எடுக்கவேயில்லை. போவதானால் போங்கள், முடிவாகும் வரை பிள்ளை முன் அப்பேச்சு வேண்டாம். அதேபோல், பிறந்த ஊரைப் பற்றி அது பேசும்போது வாயை மூடாதீர்கள். தம்மாம் கடற்கரையை அவள் நினைப்பது, நாம் அங்கிருந்தபோது நம் ஊர்க் குளத்தை நினைத்ததைப் போன்றதுதான்.

நிர்வாகக் குழுவினருக்கு எங்கள் வேண்டுகோள் இரண்டு. குடும்பப் பதிவேட்டில் பிள்ளைகளின் பெயருக்கு எதிரே பிறந்த ஊர், தூதரகப் பிறப்புப் பதிவு எண், கடவுச்சீட்டு முடியும் நாள் என மூன்று பத்திகள் சேர்க்க வேண்டும். நாளை நிக்காஹ்வுக்கு ஜமாஅத் கடிதம் கேட்டு வரும்போது, இந்தப் பிள்ளை எங்கள் பிள்ளை என்று சொல்ல அந்தப் பக்கமே சான்றாகும். அடுத்து, மக்தப் முடிந்தபின் சனி, ஞாயிறு இரு நாட்களும் ஒரு மணி நேரம் தமிழ் எழுத்து வகுப்பு. வயது வித்தியாசம் பாராமல் ஒன்றாக அமர்த்தலாம். சிரிப்பவர் இருக்கமாட்டார், எல்லோரும் ஒரே நிலை. கற்பிக்கத் தம் பெயரைத் தர முன்வந்துள்ள சகோதரிகள் இருவர் திரைக்கு அப்பால் இருக்கிறார்கள். கரும்பலகையும் சாக்பீஸும் நாங்கள் வாங்கித் தருகிறோம்.

சான்றுகளில் ஐயமுள்ளவர்கள் அடுத்த ஞாயிறு அஸர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் அலுவலக அறைக்கு வரவும். மூலச்சான்றுகளைக் கொண்டுவாருங்கள், நகல் வேண்டாம், எழுத்துகள் அதில் சரியாகத் தெரிவதில்லை.

வஸ்ஸலாம்.